பூச்சியத்தில் கட்டிய ரிபன்

வெறும் தெப்பம்தான் முதலில் கண்ணில் பட்டது.

அதில் ஆளில்லை. ஊன்றித் தள்ளுகிற கம்பும் இல்லை. வெள்ளை ரெஜிபோம் நுரைக் கட்டையின் மேல் ஒரு சோடிச் செருப்பு மட்டும், கோயில் வாசலில் கழற்றி வைத்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. தெப்பம் ஓர் அவசரமும் இல்லாமல், போகவேண்டிய இடம் தனக்குத் தெரியும் என்பதுபோல, மண்டைதீவுப் பக்கமாக மிதந்துகொண்டிருந்தது.

“அண்ணை…” என்றாள் பிரியந்தினி. கையை நீட்டிக் காட்டினாள்.

வள்ளத்தின் பின்பக்கத்தில் நின்று கம்பு ஊன்றிக்கொண்டிருந்த கொலின்ஸ் திரும்பிப் பார்த்தான். கரையை விட்டதிலிருந்து தங்கச்சியை நக்கலடித்துக்கொண்டுதான் வந்தான். இப்போது அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது.

“உது சந்தியோகு மாமான்ரை தெப்பமெல்லே?”

“ஓம்.”

“செருப்பு?”

“ஸ்ரெபான்ரை. காலமை பூசைக்கும் உதைத்தான் போட்டுக்கொண்டு வந்தவள்.”

கொலின்ஸ் கம்பை முன்னையிலும் ஆழமாக ஊன்றினான்.

சந்தியோகு மாமாவின் மகள் ஸ்ரெபானிக்குப் பதின்மூன்று வயது. நீந்தத் தெரியாது. குருநகரில் பெடியன்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்குமுன்னமே தண்ணீரில் விழுந்து எழும்பிப் பழகிவிடுவார்கள். பெட்டைகளை மட்டும் ஒருவரும் இறக்குவதில்லை. பரவைக்கடல்தான், அநேகமான இடத்தில் இடுப்பளவுதான். ஆனால் வள்ளங்கள் போய்வருவதற்கென்று வெட்டிய வாய்க்கால் ஒன்று கரைக்கும், வலை கட்டுவதற்குக் கடலுக்குள் ஊன்றிய சிறகுவலைத் தடிகளுக்கும் நடுவே ஓடுகிறது. அதில் கொலின்சுக்கே கால் எட்டாது.

அன்றைக்கென்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறில் குருநகரில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. காலையில் பூசை, மத்தியானம் இறைச்சிக் கறி, அதன்பின் ஊரே படுத்துக் கிடக்கும். வேறு நாளென்றால் வலை பார்க்கிற யாராவது அவளைக் கண்டிருப்பார்கள், கூப்பிட்டால் கேட்டிருப்பார்கள். இன்றைக்குக் கடல் முழுக்க இவர்கள் வந்த இந்த ஒரு வள்ளம்தான்.

“நான்தான் அண்ணை போகச் சொன்னனான்,” என்றாள் பிரியந்தினி.

“என்னெண்டு?”

“தடியிலை கோடு போட்டுப் பாரெண்டு சொன்னனான். சும்மா வாயிலை வந்ததைச் சொன்னனான். அவள் உண்மையாப் போவாளெண்டு எனக்குத் தெரியுமே?”

“கணக்குப் படிப்பிக்கச் சொன்னா ஆளைக் கடலுக்கே அனுப்பிப்போட்டாய். விசரி,” என்றான் கொலின்ஸ். ஆனால் அவன் குரலில் நக்கல் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

கணக்குப் படிப்பிக்கத்தான் கேட்டார்கள். சோளகக் காற்று ஊதிக்கொண்டிருந்த நாளொன்றில் பக்கத்து வீட்டு மக்டலீன் அன்ரி, ஸ்ரெபானியின் தாய், ஒரு பை நண்டோடு வந்து நின்றாள்.

“பிள்ளை, நீ ஓஎல் சோதினையிலை கணக்குக்கு ஏ எடுத்தனியெல்லே. எங்கடை ஸ்ரெபாவோடை ஒருக்காப் பக்கத்திலை இருந்து சொல்லிக் குடன். ரியூசனுக்கு விட்டுப் பாத்திட்டன். போறாள், வாறாள். வாயைத் திறக்கிறாளில்லை.”

அந்த ரியூசன் கொட்டகை பிரியந்தினிக்கும் தெரிந்ததுதான். அவளும் அங்கேதான் படித்தாள். தகரக் கூரை, நெருக்கியடித்த வாங்குப் பலகைகள், மைக் பிடித்துப் படிப்பிக்கிற சேர், இருநூறு தலை. எழுது என்றால் எழுதவேண்டும், பாடமாக்கு என்றால் பாடமாக்கவேண்டும். ஒருநாள் ஸ்ரெபானி எழும்பி, “ஏன் சேர் அப்பிடி வரும்?” என்று கேட்டிருக்கிறாள். “ஏனெண்டு கேக்கிறதுக்கு மாக்ஸ் போடமாட்டினம் பிள்ளை” என்று சேர் மைக்கிலேயே சொன்னார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. சேர் கெட்டவர் இல்லை, அவருக்கு நேரமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து ஸ்ரெபானியின் வாய்க்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலும் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

பிரியந்தினியும் ஸ்ரெபானியும் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய பிளாஸ்ரிக் வள்ளமொன்றின் அடிப்பக்கத்தில் ஏறி இருந்து படித்தார்கள். நீல நிற வள்ளம். கொப்பி காற்றில் பறந்ததால் சோக்குக் கட்டியால் வள்ளத்திலேயே எழுதினார்கள். ஆரம்பத்தில் பிரியந்தினி தனக்குத் தெரிந்த மாதிரித்தான் படிப்பித்தாள், அதாவது சேர் மாதிரி. மைக் மட்டும்தான் இல்லை. எதிரே இருந்த பிள்ளை தலையை ஆட்டும், எழுதும், வாயைத் திறக்காது.

பிறகு ஒரு பின்னேரம் பிரியந்தினி அவசரத்தில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதிவிட்டாள். ஸ்ரெபானி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் மெல்லத் துடைத்தாள்.

“அக்கா, ஐம்பத்தாறு.”

பிரியந்தினிக்கு முகம் சிவந்தது. சுற்றிவரப் பார்த்தாள். சிரிக்க ஒருவருமில்லை. கடல் இருந்தது, ஒரு நாய் இருந்தது. அந்த நாயும் நித்திரை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க ஸ்ரெபானியும் சிரித்தாள். பிழை விட்டால் இப்படியும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்தது.

அன்றையிலிருந்து அந்தப் பிள்ளையின் வாய் பூட்டுடைத்த மாதிரித் திறந்துகொண்டது. பின்னத்தைப் பின்னத்தால் பிரிக்கேக்கை ஏன் தலைகீழாத் திருப்புறது? முக்கோணத்துக்குள்ளை ஏன் எப்பவும் நூற்றியெண்பது? பிரியந்தினி வீட்டுக்குப் போய்த் தேடுவாள், கடதாசியை மடித்துப் பார்ப்பாள், வெட்டிப் பார்ப்பாள், அடுத்த நாள் கொண்டுவந்து சொல்லுவாள். அவள் சொல்ல வாயெடுக்க முதல், “பொறுங்கோ, நான் சொல்லுறன்” என்று ஸ்ரெபானி பாதியிலேயே பிடித்துக்கொள்ளுவாள். ஒருநாள் வகுப்பில் தானாகக் கரும்பலகைக்குப் போய்க் கணக்குச் செய்தாளாம். மக்டலீன் அன்ரி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

எல்லாரும் பிரியந்தினியைப் புகழ்ந்தார்கள். புகழப் புகழ அவளுக்குள் ஒரு பயம் வளர்ந்தது. அவளுக்குக் கணக்கு தெரியாது. விதிகள் தெரியும், செபம் மாதிரி. பிழையில்லாமல் ஒப்பிப்பாள். ஆனால் இந்தப் பிள்ளையின் ஒவ்வொரு ‘ஏன்’ உம் ஊன்றுகம்பு மாதிரி ஆழம் பார்த்துக்கொண்டு வந்தது. ஒருநாள் அது அடியைத் தொடும். தொட்டால், அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்.

நேற்றுப் பின்னேரம் அது தொட்டது.

“அக்கா, சயவையும் சயவையும் பெருக்கினா ஏன் சக வருது? கடன்மேலை கடன் பட்டா ஆராவது பணக்காரர் ஆவினமே?”

பிரியந்தினி யோசித்தாள். சயவென்ற மைனசும் மைனசும் சேர்ந்தால் சகவென்ற பிளஸ்; எத்தனையோ தரம் எழுதி, எத்தனையோ தரம் சரி வாங்கிய கணக்கு. எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு சொல்லும் அவள் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிவிட்டன.

“அது அப்பிடித்தான். விதி.”

ஸ்ரெபானியின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. பழையபடி, முதல் நாள் இருந்த அதே முகம். தலையை ஆட்டினாள், எழுதினாள். எதையாவது சொல்லி அந்த வாயைத் திரும்பத் திறந்துவிடவேண்டும். பிரியந்தினி கடலைப் பார்த்தாள். தூரத்தில் சந்தியோகு மாமாவின் சிறகுவலைத் தடிகள் வரிசையாகத் தெரிந்தன.

“தண்ணி வத்துறது சய, ஏறுறது சக. அப்பான்ரை தடியிலை ஒரு இடத்தைப் பூச்சியமெண்டு வைச்சுப் பாத்தியெண்டா உனக்கு எல்லாம் விளங்கும்.”

எப்படி விளங்கும் என்று அவளுக்கே தெரியாது. தப்புவதற்குச் சொன்னது. ஸ்ரெபானி மட்டும் தடிகளைப் பார்த்தபடியே இருந்தாள்.

இன்றைக்கு மூன்றரை மணிக்குப் பிரியந்தினி போனபோது கவிழ்த்த வள்ளத்தின்மேல் புத்தகப் பை இருந்தது. பக்கத்தில் சோக்கால் பெரிதாக ஒரு கணக்கு: சய இரண்டு, பெருக்கல் குறி, சய மூன்று, சமன். சமனுக்குப் பக்கத்தில் வெறும் நீலம். தெப்பம் கட்டுகிற கட்டையில் தெப்பம் இல்லை. மக்டலீன் அன்ரியிடம் சொல்லக் கால் போகவில்லை. பந்தடித்துக்கொண்டிருந்த அண்ணனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பார், அங்காலை பார்,” என்றான் கொலின்ஸ் இப்போது.

சோளகம் விழுந்து வாடை இன்னும் தொடங்காத நாட்கள் அவை. கடலில் ஒரு சுருக்கமில்லை. வானம் எது தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடு இல்லை. கடலுக்குக் குறுக்கே கிடக்கும் பண்ணை வீதியில் போன பஸ் ஒன்று வெளிச்சத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வலைத்தடிகள் தண்ணீரில் ஊன்றினவை போல இல்லை. மேலிருந்து யாரோ தொங்கவிட்டதுபோல அந்தரத்தில் நின்றன. அந்தத் தடிகளுக்கு நடுவே இன்னொரு தடி. மற்றவையைவிடக் கட்டையாக, மற்றவையைவிடத் தடிப்பாக. பிரியந்தினி பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தடி கையை உயர்த்தியது.

“மாதாவே,” என்றாள் அவள்.

கொலின்ஸ் ஏறி ஏறி ஊன்றினான். வாய்க்கால் கடந்தது. கிட்டப் போகப் போக ஸ்ரெபானியின் சட்டை தெரிந்தது. பூசைக்குப் போட்ட மஞ்சள் சட்டை, நெஞ்சுவரை நனைந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையால் தடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். மற்றக் கையை இன்னும் உயர்த்தியபடிதான். அது கூப்பிடுகிற கை இல்லை.

“நில்லுங்கோ! கிட்ட வராதேங்கோ! தண்ணி ஆடுது, கோடு தெரியாமல் போகுது!”

கொலின்ஸ் கம்பைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். “எடி, நாங்கள் இஞ்சை உன்ரை சவத்தைத் தேடி வாறம். நீ கோடு பாக்கிறியே?”

“கொஞ்சம் பொறுங்கோ கொலின்ஸ் அண்ணை. தண்ணி அடங்கட்டும்.”

அவள் குரல் நடுங்கியது. குளிரா, அழுததா என்று தெரியவில்லை. இரண்டும்தான். கண்கள் வீங்கியிருந்தன. தண்ணீர் அடங்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். அந்தப் பெரிய வெளிச்சத்தின் நடுவில், ஒரு வள்ளம், ஒரு தடி, ஒரு பிள்ளை. எங்கோ தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது. அது காற்றில் வராமல் தண்ணீருக்கு அடியால் வருவதுபோல இருந்தது.

“கம்பைச் சேத்திலை ஊண்டி, தெப்பத்தை அதிலை கட்டிப்போட்டு இறங்கினனான்,” என்றாள் ஸ்ரெபானி. “கம்பு சாஞ்சு கயிறு கழண்டு போட்டுது. கூப்பிட்டுப் பாத்தன். ஒருத்தரும் வரேல்லை. ஞாயிற்றுக்கிழமையெண்டு அப்பதான் ஞாபகம் வந்தது. அழுதன். பிறகு அழுது என்ன செய்யிறதெண்டு எண்ணத் தொடங்கினன்.”

“என்னத்தை எண்ணினனீ?” என்றாள் பிரியந்தினி. கேட்கவேண்டியது அதுவல்ல என்று தெரிந்தும் அதுதான் வாயில் வந்தது.

ஸ்ரெபானி தடியைக் காட்டினாள். சோக்கு ஈரத்தில் எழுதாததால், தலையில் கட்டியிருந்த வெள்ளை ரிபனை அவிழ்த்துத் தடியில் சுற்றி முடிந்திருந்தாள்.

“உதுதான் பூச்சியம். ரெண்டு மணிக்கு நான் வரேக்கை தண்ணி உதிலை நிண்டது. இப்ப நாலு விரல் கீழை. மணித்தியாலத்துக்கு ரெண்டு விரல். வத்துறபடியாலை சய ரெண்டு. சரியே?”

“சரி.”

“இனி வரப்போற மணித்தியாலமெல்லாம் சக. போன மணித்தியாலமெல்லாம் சய. அப்ப நான் ரிபன் கட்டினதுக்கு மூண்டு மணித்தியாலம் முந்தி தண்ணி எங்கை நிண்டது? சய ரெண்டு, சய மூண்டு. சொல்லுங்கோ அக்கா.”

பிரியந்தினி வாயைத் திறந்தாள். அவளுக்குள் இருந்த விதி ‘சக ஆறு’ என்று ஓடிவந்து சொன்னது. அவள் அதைச் சொல்லவில்லை. தடியைப் பார்த்தாள். ரிபனுக்கு மேலே தடி சாம்பலாகக் காய்ந்திருந்தது. ஆனால் இன்னும் மேலே, தடியைச் சுற்றி ஒட்டியிருந்த பாசியில், மெல்லிய கறுப்புக் கோடாக ஈரம் நின்றது.

“பூசை முடிஞ்சு பதினொரு மணிக்கு வரேக்கை நிறைஞ்ச தண்ணி. அப்பா சொன்னவர். அந்த ஈரம்தான் அது.” ஸ்ரெபானி விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிபனிலிருந்து மேலே ஏற்றினாள். “ஆறு. கீழை இல்லை அக்கா, மேலை. வத்துற தண்ணியைப் பின்னாலை திருப்பிப் பாத்தா ஏறும்.”

“படத்தைப் பின்னாலை ஓட்டிறமாதிரி,” என்றான் கொலின்ஸ், தன்னை மறந்து.

“ஓம், அதுதான்! அதுக்குத்தான் சக!”

பிரியந்தினி அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கக் கடல் முழுவதும் பின்னோக்கிப் புரள்வதுபோல இருந்தது. தாழ்ந்த சூரியன் பண்ணைக்கு மேலே திரும்ப ஏறுகிறது. வெறும் தெப்பம் மண்டைதீவுப் பக்கமிருந்து நழுவி வந்து கம்பில் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. செருப்புகள் கால்களைத் தேடிப் போகின்றன. கொட்டகையின் தகரத்திலிருந்து சிரிப்பெல்லாம் இறங்கி, இருநூறு வாய்களுக்குள்ளும் திரும்பிப் போய்விட, நடுவில் ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தியபடி நிற்கிறது. அதற்கும் பின்னால், அதே வாங்கில், அதே வயதில் இன்னொரு பிள்ளை. அதன் கை கொஞ்சம் உயர்ந்து, சுற்றிவரப் பார்த்து, இறங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியும்.

கொலின்ஸ் ஸ்ரெபானியைக் கையில் பிடித்துத் தூக்கி வள்ளத்தில் ஏற்றினான். “ரிபனை அவிழ்க்கட்டே?” என்று கேட்டான்.

“வேண்டாம். இருக்கட்டும். நாளைக்கு அப்பா வலை பாக்க வரேக்கை என்னெண்டு கேப்பார். நான் சொல்லுவன்.”

“முதல்லை தெப்பம் ஏன் மண்டைதீவுக்குப் போனதெண்டு சொல்லு. அதுக்குப் பிறகு உனக்குக் கதைக்க வாய் இருந்தா ரிபனைப் பற்றிச் சொல்லலாம்.”

தெப்பத்தைத் துரத்திப் பிடித்து வள்ளத்தின் பின்னால் கட்டினார்கள். கொலின்ஸ் கரையைப் பார்த்துத் திருப்பினான். கரையில் ஒரு சின்ன உருவம் இரண்டு கையையும் தலையில் வைத்தபடி அங்குமிங்கும் ஓடியது. மக்டலீன் அன்ரி. அவள் போடுகிற சத்தம் இன்னும் இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்ததும் என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரியும்.

பிரியந்தினி தன் சால்வையால் ஸ்ரெபானியைப் போர்த்து, தோளோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு பிடித்த பிடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

“நாளைக்கு வகுப்பிலை ரீச்சர் கேக்க முதலே கையை உயர்த்தப்போறன். அவையள் சிரிச்சாலும் பரவாயில்லை. தடியைப் போய்ப் பாருங்கோ எண்டு சொல்லுவன்.” பிரியந்தினியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்கள் நல்ல ஆள். விடையைச் சொல்லாமல் என்னையே கண்டுபிடிக்க விட்டனீங்கள்.”

கொலின்ஸ் தங்கச்சியைப் பார்த்தான். பிரியந்தினி வள்ளத்தின் அடியில் சேர்ந்திருந்த தண்ணீரைப் பார்த்தாள். இப்படியே விட்டுவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளை சாகும்வரை அப்படியே நம்பும்.

நேற்று நாக்கின் நுனியில் வந்து திரும்பிப்போன இரண்டு சொற்களும் அங்கேயே காத்துக்கொண்டிருந்தன.

“இல்லை ஸ்ரெபா,” என்றாள். “எனக்கும் தெரியாது. இப்ப, நீ காட்டினாப் பிறகுதான் தெரியும். நேற்று நான் தப்புறதுக்குச் சொன்னனான். நீ அங்கை நிண்டு செத்திருந்தா…”

முகத்தைச் சால்வையின் நுனியில் புதைத்தாள். ஸ்ரெபானியின் தோள் இப்போது விலகும், அந்த உதடுகள் பழையபடி ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தாள்.

தோள் விலகவில்லை. கம்பு தண்ணீரில் இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் தெப்பம் வெறுமனே ஆடி ஆடி வந்தது. கரையிலிருந்து முதல் சத்தம், யாரோ நித்திரையில் கதைப்பதுபோல, மெல்ல வந்து சேர்ந்தது.

ஸ்ரெபானி ஏதோ கணக்கைப் போட்டு முடிக்கிறவள்போலக் கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, கோபமில்லாமல், நக்கலில்லாமல், உண்மையாகவே அறிய வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்:

“அப்ப நீங்கள் இது தெரியாமலே எப்பிடி அக்கா ஏ எடுத்தனீங்கள்?”